ஊருக்குப் போறீங்களா? கரண்ட் போனா மீன் தொட்டி என்ன ஆகும்?

பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது பலருக்கும் மீன் தீனி பற்றித்தான் கவலை. ஆனால் வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால்தான் சிக்கல். நெரிசலான தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் குறைந்துவிடும். ஃபைட்டர், கௌராமி மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசித்துச் சமாளிக்கும். கோல்டு ஃபிஷ் பாவம், அதற்கு அந்த வசதி இல்லை.

ஏர் பம்ப் சில வாட் மின்சாரம்தான் இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடலாம். இன்வெர்ட்டர் இல்லையா? கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி பம்ப் கிடைக்கிறது. முந்தைய நாளே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்க.

கிளம்பும் நாளில் கூடுதல் தீனி கொட்டாதீங்க. மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும். முக்கியமா, பழக்கதோஷத்தில் மெயினை ஆஃப் பண்ணிடாதீங்க!