தேயும் நாதமும் நான்கு விரல்களும்

மீட்டிய தந்தியின் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. வயலினில் வில்லும் நாகசுரத்தில் மூச்சும் ஒலிக்கு இடைவிடாமல் ஆற்றல் ஊட்டிக்கொண்டிருக்கின்றன. வீணை, கிதார், மாண்டலின், தம்புரா ஆகியவற்றுக்கு அந்த வசதி கிடையாது. விரல் விட்ட நொடியில் தந்திக்குக் கிடைத்த ஆற்றல் அவ்வளவுதான். அதில் ஒரு பகுதி தந்தியைத் தாங்கும் குதிரை வழியாகப் பலகைக்குள் இறங்கி ஒலியாகக் காற்றில் கலக்கிறது. மீதி, தந்தியின் உள் உராய்விலும் காற்றின் தடையிலும் வெப்பமாகிப் போகிறது. பலகை எவ்வளவு தாராளமாக ஆற்றலை வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு உரக்கக் கருவி ஒலிக்கும்; அதே அளவுக்குச் சீக்கிரம் ஓய்ந்தும் போகும். தடித்த கீழ்த்தந்திகள் சற்று நீடித்து ஒலிக்க, பாட்டின் மெட்டு நடமாடும் மெல்லிய மேல்தந்திகள்தான் முதலில் மங்குகின்றன.

இந்தத் தேய்வை எதிர்கொள்ள ஒவ்வொரு மரபும் ஒரு வழி கண்டது. திருப்பதி வட்டாரத்துக்குப் பழக்கமான வழிகளில் முதலாவது தம்புரா. திருமலை வேங்கடவனைப் பாடிய அன்னமாச்சாரியாரின் சிலைகளிலும் படங்களிலும் அவர் கையில் இருப்பது இதுதான். நான்கு தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படுகின்றன. ஒன்று ஓயுமுன் அடுத்தது எழுந்துவிடுகிறது. அகன்று சற்றே வளைந்த குதிரையின் மேல், தந்திக்கு அடியில் செருகப்படும் நூல் ஒலிக்கு ரீங்காரத்தைக் கூட்டுகிறது. சி. வி. ராமன் 1921ஆம் ஆண்டு இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலியில் எழக் கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியல் வகுத்திருந்த விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. இல்லாதிருக்க வேண்டிய மேற்சுரங்களும் அவற்றில் வளமாகக் கேட்டன. காரணம் குதிரையின் வடிவம். தந்தி அதிரும்போது அந்த அகன்ற பரப்பைத் தொட்டும் விட்டும் உரசுகிறது.

இரண்டாவது வழி வீணையுடையது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரியில் வீணை பயிலும் மாணவரின் வலக்கை செய்வதைவிட இடக்கை செய்வதே அதிகம். ஒரு மீட்டில் எழுந்த ஒலி ஓயுமுன், கருவியின் கழுத்திலுள்ள மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரங்களை அதிலிருந்தே கறந்துவிடுகிறார்கள். ஒலி மெலிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சுருதி நகர்ந்துகொண்டே இருப்பதால் செவி அந்த மெலிவைக் கவனிப்பதில்லை. ராகத்தைத் தாளமின்றி லய ஓட்டத்தோடு விரிக்கும் தானம் வாசிக்கையில் மட்டும் வலக்கையின் பங்கு பெருகுகிறது. மீட்டுகள் நெருங்கி வரும், இடையிடையே தாளத் தந்திகள் பேசும். ஒரே சுரத்தை விரைந்து திரும்பத் திரும்ப மீட்டும் ட்ரெமலோ உத்திக்கு வீணையில் உறவினர் யாரென்று கேட்டால் தானத்தைத்தான் காட்ட வேண்டும். அதுவும் தூரத்து உறவு.

செவ்வியல் கிதாரில் இழுப்புக்கு இடம் குறைவு. மெட்டுகள் அகன்ற பலகையோடு ஒட்டிக் கிடக்கின்றன. நைலான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாலும் சுருதி அதிகம் ஏறாது. ஆகவே அந்த மரபு வலக்கையை நம்பியது. தேய்வதற்குள் மறுபடி மீட்டு, அது தேய்வதற்குள் இன்னொரு முறை மீட்டு. இதுவே ட்ரெமலோ. கட்டைவிரல் கீழ்த்தந்தி ஒன்றை மீட்டுகிறது; அடுத்து மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் வரிசையாக ஒரே மேல்தந்தியை மீட்டுகின்றன. பிறகு மீண்டும் கட்டைவிரல். தமிழ்க் காதுக்குப் பழக்கமான கிதார் ஒலி ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் (1982) ‘இளைய நிலா’ பாடலின் தொடக்கத்தில் வருவது. அங்கே விரல்கள் வெவ்வேறு தந்திகளில் பிரிந்து செல்கின்றன. ட்ரெமலோவில் மூன்று விரல்களும் ஒரே தந்தியில் வந்து விழ வேண்டும். ஒன்றின் வழியில் மற்றொன்று குறுக்கிடக் கூடாது. ஃபிளமெங்கோ கலைஞர்கள் இதில் ஆள்காட்டி விரலைக் கூடுதலாக ஒருமுறை சேர்த்து, ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டாக்கிக்கொள்கிறார்கள்.

ஜூலியோ ரெகொண்டியின் ‘ரெவெரி’ 1864இல் அச்சாகிவிட்டது என்றாலும், இந்த உத்தியை உலகறியச் செய்தது ஸ்பெயின் நாட்டு ஃபிரான்சிஸ்கோ தாரெகாவின் (1852-1909) ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’. முதல் பாதி சிறு சுரவரிசையிலும் பின்பாதி அதே ஆதார சுருதியின் பெரு சுரவரிசையிலும் அமைந்த சிறிய உருப்படி அது. 1984இல் வந்த ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்தின் இறுதியில் மின்னணுக் கருவிகளின் வடிவில் ஒலிப்பதும் இதுவே. பராகுவே நாட்டு அகுஸ்தின் பாரியோஸ் 1944இல் இறக்குமுன் கடைசியாக இயற்றியதும் ஒரு ட்ரெமலோ உருப்படிதான். நகத்தின் கூர்மையான ஒலி இல்லாமல் ட்ரெமலோவே இல்லை என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். தாரெகாவோ தம் பிற்காலத்தில் நகங்களை வெட்டிவிட்டு, குடல்நாண் தந்திகளை விரல் சதையாலேயே மீட்டினார். நைலான் தந்தி வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’ உருப்படியின் ஒரு தாள எண்ணிக்கைக்கு எட்டு மீட்டுகள். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற வேகத்தில் நிமிடத்துக்கு 640, அதாவது நொடிக்குப் பத்துக்கு மேல். இரு மீட்டுகளுக்கு இடையே 94 மில்லிநொடிதான் இருக்கிறது. ஆனால் நான்கில் ஒன்று கட்டைவிரலுக்குப் போய்விடுகிறது. எனவே மேல்தந்தியில் ஆள்காட்டி விரல் முடித்ததற்கும் மோதிர விரல் மறுபடி தொடங்குவதற்கும் நடுவே இரட்டிப்பு இடைவெளி, ஏறக்குறைய 188 மில்லிநொடி, விழுகிறது. உண்மையில் மேல்தந்தியில் நடப்பது மூன்று மீட்டு, ஓர் ஓட்டை; மூன்று மீட்டு, ஓர் ஓட்டை. தவிர, ஒவ்வொரு விரலும் மீட்டுவதற்குமுன் தந்தியைத் தொட்டாக வேண்டும். தொட்டவுடன் முந்தைய ஒலி அணைந்துவிடும். ஆக, கேட்பவருக்கு ஒரே இழையாகத் தோன்றும் ஒலி கருவியில் அப்படி இல்லை.

மூளைதான் இழையை நெய்கிறது. இதில் இரண்டு செயல்கள் சேர்ந்து நடக்கின்றன. மாறிமாறி வரும் சுரங்கள் வேகமாகவும் சுருதியில் ஒன்றுக்கொன்று விலகியும் இருந்தால், செவி அவற்றை ஒரே வரிசையாகக் கேட்காமல், மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஓடைகளாகப் பிரித்துக்கொள்கிறது. கனடாவின் உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1971இல் ஜெஃப்ரி கேம்பலுடன் சேர்ந்து இதைச் சோதனையில் காட்டினார். ஒரே கை வாசிக்கும் கிதாரில் இருவர் வாசிப்பதுபோலக் கேட்பது இதனால்தான். மற்றொன்று, இட்டு நிரப்பல். பேச்சில் ஓர் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்து ரிச்சர்டு வாரன் 1970இல் சோதித்தபோது, கேட்டவர்கள் அந்த எழுத்து இருப்பதாகவே உணர்ந்தார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேறோர் ஒலி மறைத்தால், அதன் அடியில் முந்தைய ஒலி தொடர்வதாகச் செவி எடுத்துக்கொள்கிறது. கட்டைவிரலின் கீழ்ச்சுரம் மேல்தந்தியின் ஓட்டைமேல் சரியாக வந்து விழுவதால் அதுவும் இந்த வேலையில் உதவுகிறது.

செவி எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. வேகம் சற்றுக் குறைந்தாலும் இழை அறுவதில்லை. மூன்று மீட்டுகளில் ஒன்று உரத்தோ, முந்தியோ விழுந்தால் குதிரை நடைபோல ஒரு துள்ளல் உடனே கேட்டுவிடும். உடற்கூறு இங்கே கலைஞருக்கு எதிராக நிற்கிறது. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்குப் பட்டைகளால் பிணைந்திருக்கின்றன. நடுவிரலையும் சுண்டுவிரலையும் சாராமல் மோதிர விரல் தனித்து இயங்குவது கடினம். சுற்றைத் தொடங்கும் பொறுப்போ அதனிடம்தான் இருக்கிறது. ஆசிரியர்கள் மெதுவாக, விரலை முன்கூட்டியே தந்தியில் பதித்து, வெட்டி வெட்டி வாசிக்கப் பழக்குவது இதற்காகவே. வேகத்தை முதலில் எட்டிவிட்டுச் சீரைப் பிறகு பார்க்கலாம் என்று போகிறவர்கள், சீரற்ற நடையைத்தான் வேகமாக வாசிக்கக் கற்கிறார்கள்.

சீர் வந்துவிட்டால் மட்டும் இசை வந்துவிடாது. தையல் இயந்திரம்போல ஒரே அளவில் ஓடும் ட்ரெமலோ சில வரிகளிலேயே சலித்துவிடும். நல்ல வாசிப்பில் ஒவ்வொரு மீட்டும் முந்தையதைவிட ஓர் இழை கூடியோ குறைந்தோ இருக்கும். இசைவரி ஏறும்போது ஒலி பெருகி, முடிவில் தளர்ந்து இறங்கும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் காலம் சற்றே நெகிழும். கட்டைவிரலின் வரிசையும் வெறும் துணையன்று, அதற்கும் தனி மெட்டு உண்டு. பலர் கோட்டைவிடுவது அங்கேதான். வண்ணம் மாற்றவும் வழியுண்டு. குதிரையருகே மீட்டினால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும். ஒலித்துளையைத் தாண்டி மெட்டுகளின் பக்கம் நகர்ந்தால் மேற்சுரங்கள் பல விலகிக் குரல் உருண்டையாகும். ராமன் எடுத்துப் பேசிய விதியைக் கிதார் பெரும்பாலும் மீறுவதில்லை. அதன் குதிரையில் தந்தி மெல்லிய விளிம்பில் அமர்ந்திருக்கிறது. அதனாலேயே கிதாரில் மீட்டும் இடத்தைச் சிறிது மாற்றினாலும் குரல் மாறுகிறது.

ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் மரத்துக்கும் பங்குண்டு. கிதாரின் முன்பலகைக்கு லேசான ஸ்புரூஸ் அல்லது செடார். பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் உலகெங்கும் விரும்பப்படுவது தென்னிந்தியாவின் ஈட்டி மரம். அது அடர்த்தியானது, அதிர்வைத் தனக்குள் அதிகம் விழுங்காதது. திருப்பதியைச் சுற்றியுள்ள சேஷாசல மலைகளின் செம்மரம் அதையும் மிஞ்சிய அடர்த்தி உடையது. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் மூழ்கும். தமிழ் வாசகருக்குச் செம்மரம் என்றதும் கடத்தல் செய்திதான் நினைவுக்கு வரும். ஜப்பானின் மூன்று தந்திக் கருவியான ஷாமிசெனின் உயர்தரக் கழுத்துகள் இந்த மரத்தில்தான் செய்யப்படுகின்றன என்பது அந்தச் செய்திகளில் அரிதாகவே வரும். செம்மரம் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. ஈட்டி 2017இல் அதில் சேர்ந்தது. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குத் தரப்பட்டது.

ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீனிவாஸ் (1969-2014) இதே ஒலித் தேய்வுக்கு வேறொரு விடை கண்டார். மேற்கத்திய மாண்டலினில் எட்டுத் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ட்ரெமலோ அதன் அன்றாட மொழி. ஒரே மீட்டுத் துண்டு மேலும் கீழுமாக ஓடுவதால் மீட்டுகளுக்கு இடையே கிதாருக்குள்ள ஓட்டை இல்லை. பதிலுக்கு, கட்டைவிரல் தரும் கீழ்வரிசையும் இல்லை. கர்நாடக இசைக்கு இது போதாது. ஜோடித் தந்தியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே சுருதியில் நகராமல், கமகம் என்னும் சுர அசைவு கலங்கிவிடும். ஸ்ரீனிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வைத்துக்கொண்டார். அதன் பலகை ஒலியை வெளியே தள்ள வேண்டியதில்லை. அந்த வேலையைப் பெருக்கி பார்த்துக்கொள்கிறது. அதனால் தந்தியின் ஆற்றல் தந்தியிலேயே நெடுநேரம் தங்குகிறது, ஒரே மீட்டில் எழுந்த ஒலிக்குள் வீணைக்காரர்போல அசைவுகளை இழைக்கவும் நேரம் கிடைக்கிறது.