பேட் தரப்படாத ஆட்டக்காரர்

புனேயில் ஆங்கிலேயர் மட்டும் உறுப்பினராக இருந்த கிளப் ஒன்று. ஆண்டு 1892. மாதச் சம்பளம் நான்கு ரூபாய். காலையில் ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்ய வேண்டும், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். துரைமார்கள் பேட்டோடு வந்து நின்றால் அவர்களுக்குப் பந்து போட வேண்டும். அந்த வேலைக்கு வந்த பையனின் பெயர் பல்வங்கர் பாலு. தோல் தொழிலோடு பிணைத்து ஒதுக்கி வைக்கப்பட்ட சமார் சாதியில், தார்வாரில் பிறந்தவர். அப்பா பட்டாளத்தில் இருந்தவர்.

அந்த கிளப்பின் பெரிய பேட்ஸ்மேன் கிரெய்க் தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து, பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுப்பாராம். தன்னை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. பல நூறு மணி நேரம் பந்து வீசியே பாலுவின் இடதுகைச் சுழல் கூர்மையானது. ஆனால், அத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட அந்த வலைக்குள் பேட்டைக் கொடுத்து, ‘நீ ஆடு’ என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பந்து போடுவது வேலைக்காரனின் உழைப்பு. பேட் பிடிப்பது எஜமானனின் கலை. விளையாட்டுக்குள்ளும் ஒரு வருணம்!

‘லகான்’ படத்தில் வரும் கச்ரா பாத்திரம் பாலுவின் சாயல் என்று சொல்வார்கள். நமக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கச்ராவின் பந்து திரும்புவது ஊனமான கையால் நேர்ந்த தற்செயல். பாலுவின் பந்து திரும்பியது அவர் பட்ட பாட்டால்.

புனேயின் இந்து கிளப்புக்கு ஆங்கிலேயரை வெல்லும் ஆசை வந்தது. அதற்கு பாலு வேண்டும். அவரைச் சேர்ப்பதா என்று உயர்சாதி உறுப்பினர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது, கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொடலாம். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டு வீசி எறியும் மண் குவளையில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனி மேசை. முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவரவும் ஒடுக்கப்பட்ட சாதி ஊழியர் ஒருவரே. இரட்டைக் குவளையை டீக்கடையில் பார்த்த நமக்கு, கிரிக்கெட் மைதானத்துக் குவளையை விளக்க வேண்டியதில்லை.

பிளேக் பரவிய காலத்தில் பாலுவின் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. பாலுவின் பந்துவீச்சுக்கு அதில் பெரும் பங்கு. தம்பி சிவராமும் அணியில் இருந்தார். சென்னையில் தொடங்கப்பட்டு பம்பாய்க்குப் போன ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ பத்திரிகை, சாதித் தடையை மீறி இவர்களைச் சேர்த்துக்கொண்டதை வெற்றியைவிடப் பெரிதாகக் கொண்டாடியது.

1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சாமர்செட் அணியை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில் சிவராம் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார். ஊர் திரும்பிய பாலுவுக்கு பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். இளைஞர் அம்பேத்கருக்கு பாலு ஆதர்ச நாயகராக இருந்த காலம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் கேப்டன் பதவி தரப்படவில்லை. 1913-ல் கேப்டனாக்கப்பட்ட எம்.டி.பாய், அந்த மரியாதை பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று தானே சொன்னார். 1920-ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும், சாதிதான் காரணம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டு ஆட்டத்திலிருந்து விலகினார்கள். நம் பார்வையில், பாலு எடுத்த எந்த விக்கெட்டுக்கும் குறைந்ததல்ல அந்த விலகல். அடுத்த ஆட்டத்துக்கு பாலுவைத் துணை கேப்டனாகத் திரும்ப அழைத்தார்கள். கேப்டன் சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியே போனபோது அணியை பாலு நடத்தினார். அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். 1923-ல் தலைமை விட்டலுக்கு வந்தது, கோப்பையும் வந்தது. வென்ற கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். விட்டல் பேட்ஸ்மேன் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அரசியலில் பாலு நின்ற இடம் நமக்கு உவப்பானதல்ல. அதற்காக மறைத்து எழுதவும் முடியாது. நம் இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போய்த் தனித் தொகுதி கேட்டவர். சென்னையின் எம்.சி.ராஜாவோ கூட்டுத் தொகுதி போதும் என்றார். பாலு, ராஜாவின் பக்கம் நின்றார். 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் இந்த எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது.

1937 தேர்தலில் பம்பாய் சட்டமன்றத்துக்கு அம்பேத்கர் நின்றார். அவரைத் தோற்கடிக்க காங்கிரஸ் தேடிப் பிடித்த வேட்பாளர் பாலு. மண் குவளை கொடுத்த கூட்டத்தின் வாரிசுகளுக்கு இப்போது அவருடைய பெயர் தேவைப்பட்டது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. ஒரு காலத்தில் தான் வியந்து பார்த்த மனிதரை அம்பேத்கர் வென்றாக வேண்டியிருந்தது.

1955 ஜூலை 4-ல் பாலு பம்பாயில் இறந்தார். முதல்தர ஆட்டங்கள் 33, சராசரி 15.21 ரன்னுக்கு ஒன்றாக 179 விக்கெட்டுகள் என்கிறது அவருடைய கணக்கு. பக்கத்திலேயே பேட்டிங் கணக்கும் இருக்கிறது: 753 ரன்கள், சராசரி 13.69. வலையில் ஒருநாளும் பேட் தரப்படாமல் வளர்ந்தவர் எடுத்த ரன்கள் அவை.