குழப்படி என்று அடிப்பதற்கு முன்

உட்காரச் சொன்னால் எழும்புவான். பாதி வரி எழுதியதும் கண் ஜன்னலுக்குப் போய்விடும். கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லிவிடுவான், நாளுக்கொரு பென்சிலைத் தொலைப்பான். தோட்டத்துப் பாடசாலையில் அவன் குழப்படிக்காரன், லயத்தில் சொல்பேச்சு கேளாதவன். இரண்டு இடத்திலும் அடி விழுகிறது.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது கவனக்குறைவு மிகைச் செயற்பாட்டுக் கோளாறு. வைத்தியர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். உலகளவில் நூறு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் காணப்படுகிறது. இது மூளை வளர்ச்சியோடு சேர்ந்தது, பரம்பரைக்கு இதில் பெரிய பங்குண்டு. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாயைப் பார்த்து "நீ கவனிக்காததால்தான்" என்பது அநியாயம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்தால்தான் வைத்தியர் இந்தப் பெயரைச் சொல்வார். ஓடியாடாமல், கனவில் இருப்பதுபோல் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கும் இது இருக்கலாம். சத்தம் போடாததால் அவள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் கவனம் சிதறும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது. காது மந்தம், பார்வைக் குறை, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுப்பதால் கெடும் தூக்கம், இரும்புச்சத்துக் குறைவு ஆகியவையும் இதே தோற்றம் தரும். ஊட்டக்குறைவு தோட்டங்களில் அதிகம். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் 32 பேர். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைப்பதையும் தோட்டத்து வீடுகள் அறிந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்காமல் விட்டால் பிள்ளை படிப்பில் பின்தங்குகிறது, பதின்ம வயதில் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளலாம். "படிப்பு ஏறாது" என்று கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடும் ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 முதல், அந்த வயதை எட்டாதவரை வேலைக்கு வைப்பதும் குற்றம்.

அடியைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்பது கல்வி அமைச்சின் 12/2016 சுற்றுநிருபம். மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. ஆசிரியர் 1,50,000 ரூபாவும் அரசு 5,00,000 ரூபாவும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா. ஆனால் இதுபோன்ற அடிப்படை உரிமை மனுவைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தோட்டத்தில் பலருக்கு இந்தக் கெடு தெரியாது. சிறுவர் துன்புறுத்தலை 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம்.

சிகிச்சைக்கான வழி குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்தோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்தோ தொடங்கும். அங்கிருந்து டிக்கோயா அல்லது நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைக்குப் போகலாம். போகும்போது வகுப்பாசிரியர் தான் கண்டதை எழுதித் தந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலில் மாத்திரை தேவையில்லை. பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை. வளர்ந்த பிள்ளைகளுக்கு மெதைல்ஃபெனிடேட் போன்ற மருந்து நன்கு உதவும், விசேட வைத்தியரின் கண்காணிப்பு மட்டும் அவசியம். முன்வாங்கு, சிறு சிறு பகுதியாகத் தரும் வேலை, உடனுக்குடன் ஒரு பாராட்டு: வகுப்பறையில் இவற்றுக்குச் செலவே இல்லை.

ஆனால் கிளினிக் நாளில் தாய்க்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேச வேண்டிய விடயம் இது, சலுகையாக அல்ல, சம்பளப் பிரச்சினையாகவே. தமிழ் அரசகரும மொழி. பிள்ளையின் நிலையைத் தமிழில் விளக்கும்படி வைத்தியசாலையில் கேட்பது தாயின் உரிமை. பதின்ம வயதுப் பிள்ளை தன்னை வருத்திக்கொள்வதாகவோ சாவைப் பற்றிப் பேசுவதாகவோ தெரிந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம், அல்லது நேராக வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும்.