ஃபார்மில் ஒரு சின்ன 'இல்லை'



இந்த வார எபிசோடில் அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ் பற்றிப் பேசினோம். நேரம் பத்தாமல் விட்டுப்போன முக்கியமான விஷயம் இது.

கிளியரன்ஸுக்கு நிரப்ப வேண்டிய ஃபார்ம் எஸ்எஃப்-86. நூறு பக்கத்தைத் தாண்டும். 10 வருஷ வேலை, வீட்டு விலாசம், 7 வருஷ போதைப்பொருள் பழக்கம், வெளிநாட்டுச் சொந்தங்கள், அவங்களுக்குக் கொடுத்த காசு, எல்லாம் கேட்பாங்க.

காலேஜ்ல கஞ்சா அடிச்சதை எழுதினா வேலை போயிடுமேன்னு நிறைய பேர் 'இல்லை' போடுறாங்க. அங்கதான் சிக்கல். 2017 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிகளில் 13 தலைப்புகள். கஞ்சா 'எச்' தலைப்பு. விட்டுப் பல வருஷம் ஆச்சுன்னா அது உங்களுக்குச் சாதகம். தெரிஞ்சே மறைச்சா, நேர்மை பற்றிய 'இ' தலைப்பும் சேர்ந்துக்கும். முதல் பிரச்சினை காலத்தோட தேயும். இரண்டாவது, 'இவரை நம்பலாமா?' என்ற கேள்வி. கிளியரன்ஸே அதுக்குத்தானே! தெரிந்தே பொய் சொல்வது குற்றமும்கூட: 5 வருஷம் வரை சிறை.

கண்டுபிடிப்பாங்களா? பழைய ரூம்மேட், பக்கத்து வீட்டுக்காரர், முன்னாள் மேனேஜர்னு நேரில் போய் விசாரிப்பாங்க. போலீஸ், கிரெடிட் பதிவுகளையும் பார்ப்பாங்க.

என் கதையைச் சொல்றேன். திருச்சியில இருக்கிற பாட்டிக்கு மருந்துச் செலவுக்கு மாசா மாசம் 100 டாலர் அனுப்பிட்டிருந்தேன். வெளிநாட்டவருக்குப் பண உதவி செஞ்சிருக்கீங்களான்னு ஃபார்ம் கேட்டுச்சு. 'இல்லை' போட்டேன். கேள்வி புரியாம இல்லை. கான்ட்ராக்ட் தள்ளிப்போயிடுமோன்னு பயம். இரண்டு வாரம் சரியாத் தூக்கமே இல்லை. கடைசியில் கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசருக்கு நானே போன் பண்ணித் திருத்தினேன். விசாரணைக்கு வந்தவர் பாட்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் கேட்டார். ஏன் முதலில் மறைச்சேன்னு அரை மணி நேரம் கேட்டார். கிளியரன்ஸ் கிடைச்சது, ஆனா அந்த அரை மணி நேரம் மறக்காது.

அவங்க ஆதாரத்தைக் காட்டிக் கேட்கிறதுக்கு முன்னாடி, தாமதிக்காமல் நீங்களே திருத்தினா, அதை உங்களுக்குச் சாதகமா எடுத்துக்க விதியிலேயே இடம் இருக்கு. கேட்ட பிறகு ஒத்துக்கிட்டா அந்த மதிப்பு இல்லை.

நம்ம ஆளுங்களுக்கு மூன்று குறிப்புகள்:

1. அப்பா பேர் ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் சர்நேமா இருந்தா, எல்லா வடிவத்தையும் எழுதுங்க.

2. ஊரில் இருக்கும் மாமனார், மாமியாரை விட்டுடாதீங்க. சொந்தம் இருப்பது தப்பில்லை.

3. கஞ்சா உங்க மாநிலத்தில் சட்டப்படி சரின்னாலும் ஃபெடரல் சட்டத்தில் தப்பு. அதனால் எழுதணும். அந்தப் பகுதியில் உண்மையாச் சொல்லும் பதிலை உங்க மேல் கிரிமினல் வழக்குக்கு ஆதாரமா பயன்படுத்த மாட்டோம்னு ஃபார்மிலேயே போட்டிருக்கு.

மறந்துபோனது பொய் ஆகாது. ஞாபகம் வந்த உடனே சொல்லிடுங்க, அவ்வளவுதான்.

இப்போ யாராவது ஃபார்ம் நிரப்பிட்டிருந்தா, இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை திரும்பப் படிங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!