மருந்தகங்களுக்கு மாலை நேரம் வேண்டும்

நோய் எப்பொழுது வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்க நம்மால் இயலாது. டாக்டரைப் பார்க்கும் நேரமாவது நமக்கு வசதியாக அமையலாகாதா? மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு அரிது.

மாநகராட்சி மருந்தகங்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடுபவையாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. அந்நேரத்தில் நம்மவர் எங்கே இருக்கிறார்கள்? விடியுமுன் இட்டிலிப் பாத்திரத்தைச் சுமந்து புறப்பட்டவர் நண்பகலில் திரும்பி, சற்றே கண்ணயர்ந்து, மறுநாளைக்கான மாவை ஆட்ட அமர்கிறார். தோற்பட்டறையிலும் தையற்கூடத்திலும் உழைப்பவர் விளக்கு வைத்த பின்னரே வெளியே வருகிறார். அடுக்கு மாளிகைகளில் பாத்திரம் துலக்கும் தாய்மார்கள் வீடு வந்து சேரும்பொழுது மருந்தகக் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

மருந்தகத்தில் சீட்டுக்குக் கொடுப்பது சொற்பமே. ஆனால் அங்கே போவதற்காக இழக்கும் ஒரு நாட்கூலி இருக்கிறதே, அதுவன்றோ உண்மையான கட்டணம்! அதற்கு அஞ்சியே பலர் நோயை ஒத்திப்போடுகின்றனர். நாம் அறிந்த சகோதரி ஒருவர் மூன்று வீடுகளில் வேலை செய்பவர். சர்க்கரை நோய்க்கான மாத்திரை தீர்ந்த பின் விடுப்புக் கேட்கத் தயங்கி வாரக்கணக்கில் தள்ளிப்போட்டார். காலிற் பட்ட சிறு புண் ஆறவில்லை. முடிவில் பெரிய மருத்துவமனையில் பல நாள் படுக்க நேர்ந்தது. ஒரு நாட்கூலியைக் காக்கப் போய் ஒரு மாத வருவாயை இழந்தார். காச நோயிலோ ஆபத்து இன்னும் பெரிது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குப் பரிசோதனை அவசியம். மருந்தையும் இடைவிடாது பல மாதங்கள் உட்கொள்ள வேண்டும். நேரமின்மையால் நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமற் போகக்கூடும், வீட்டாருக்கும் பரவக்கூடும்.

மாலை நேர வைத்தியம் என்பது நடவாத கனவன்று. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம், ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்றாக அமையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலையிலும் நோயாளிகளைப் பார்க்க வேண்டுமென்று வகுத்தது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ், குடும்ப நல மையங்களில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் மாலை 6 மணி வரை நீட்டப்பட்டது. மும்பையிலேயே 2022இல் ‘ஆப்லா தவாகானா’, அதாவது ‘நமது மருந்தகம்’, என்னும் பெயரில் இரவு 10 மணி வரை வைத்தியம் செய்யும் ஏற்பாடு தொடங்கிற்று. இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

எனினும், கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? மாலையில் டாக்டர் இருந்தும் மருந்து கொடுப்பவர் இல்லையென்றால் பயன் என்ன? இரத்தப் பரிசோதனை காலையில் மட்டுமே என்றால் மறுபடியும் ஒரு நாட்கூலி போயிற்று. காலை முதல் உழைத்த டாக்டரையும் நர்சையுமே இரவு வரை நிறுத்திவைப்பதும் முறையன்று. இரண்டாவது முறைக்கு வேறு ஊழியர்கள் வேண்டும். இரவில் வீடு திரும்பும் பெண் ஊழியர்களுக்குத் தக்க பாதுகாப்பும் வேண்டும். நீட்டிய நேரம் நிலைத்திருக்க இவை இன்றியமையாதவை.

நமக்கும் கடமை உண்டு. அருகிலுள்ள மருந்தகம் எப்பொழுது திறக்கிறது, எப்பொழுது மூடுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் விசாரித்தறிய வேண்டும். மாலை நேரம் இருக்குமிடத்தில் அதைத் தவறாது பயன்படுத்த வேண்டும். ஆளின்றிக் கிடந்தால் அந்நேரம் குறைக்கப்படலாம். இல்லாத இடத்தில் பல குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டு வார்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம். மராத்தியும் இந்தியும் கற்ற நம் இளைஞர்கள், மொழி தெரியாத முதியோருடன் வாரத்தில் ஒரு மாலை துணையாகச் செல்லலாம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பர். நாம் அழவேண்டியதில்லை, அன்பர்களே. ஒன்றுகூடி முறையாகக் கேட்டாற் போதும்.