கார் சக்கரத்தில் 'ங்ங்ங்ம்' சத்தமா? டயர் மாற்றும் முன் இதைப் பாருங்க!

காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் திருமாகறலீஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தோம். உத்திரமேரூர் சாலையில் வண்டி 50-ஐத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து 'ங்ங்ங்ம்' என்று ஒரு முனகல். வேகம் கூடக்கூட அதுவும் கூடியது.

"டயர்தான்டா. நாலையும் மாத்தணும்னு கடையில சொல்லிட்டாங்க" என்றார் சித்தப்பா.

ஆனால் வண்டி வலப்பக்கம் வளையும்போது சத்தம் ஏறியது, இடப்பக்கம் வளையும்போது அடங்கியது. கடைசியில் பார்த்தால் டயர்கள் நன்றாகத்தான் இருந்தன. தேய்ந்திருந்தது இடது முன்சக்கர பேரிங்!

காரை வலப்பக்கம் திருப்பினால் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். தேய்ந்த பேரிங் அந்தச் சுமை தாங்காமல் கத்தும். அதனால் வலது வளைவில் சத்தம் ஏறினால் இடப்பக்கத்தையும், இடது வளைவில் ஏறினால் வலப்பக்கத்தையும் முதலில் சந்தேகப்படலாம். டயர் சத்தம் என்றால் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது அதுவும் மாறும். பேரிங் சத்தம் பெரிதாக மாறாது.

உறுதி செய்ய, சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து ஜாக்கியில் தூக்குங்கள். காருக்கு அடியில் மட்டும் போகவே கூடாது. சக்கரத்தைக் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடுகிறதா? வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கலாம். அப்போது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். உள்ளே அரைபடுவது விரலுக்குத் தெரியும்.

பள்ளம், வயது எல்லாம் காரணம்தான். பெரிய எதிரி தண்ணீர். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாகறலை ஒட்டிய வெங்கச்சேரி தரைப்பாலம் சேதமடைந்தது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். தேங்கிய நீரில் சக்கரம் முங்க ஓட்டினால், சீல் வழியாகச் சேறு புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். சில வாரம் கழித்துத்தான் முனகல் தொடங்கும்.

பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு ஒரு சுவாரசியம். பேரிங் உலகின் பெரிய பெயரான எஸ்.கே.எஃப் பிறந்ததே ஒரு துணி ஆலையில்தான். சுவீடனின் கோதன்பர்க்கில் களிமண் தரை அசைந்து, ஆலையின் தண்டுகள் கோணி, பேரிங்குகள் அடிக்கடி உடைந்தன. அங்கே பராமரிப்புப் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் 1907-ல் தானே நேராகிக்கொள்ளும் பேரிங்கை உருவாக்கினார். வோல்வோ கார் நிறுவனமும் பின்னாளில் எஸ்.கே.எஃப்-இலிருந்து வந்ததுதான்!

சரி, மாற்றுவது எப்படி? பல கார்களில் முன்சக்கர பேரிங் நக்கிளுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதை வெளியே தள்ள ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அதனால் இது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை, ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் நின்று பாருங்கள். புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் உடனே தடுங்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், சில மாதத்தில் அதே முனகல் திரும்பி வரும். ஏ.பி.எஸ் உள்ள கார்களில் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிப்போனால் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ் விளக்கு எரியும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். ஆக்ஸில் நட் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் கார் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்குவது நல்லது. நம் பக்கம் பலர் நீளக் குழாயை மாட்டி ஏறி மிதிப்பதோடு சரி!

போலி பேரிங்கும் சந்தையில் உண்டு. அதைக் கண்டுபிடிக்கவே எஸ்.கே.எஃப் ஒரு மொபைல் ஆப் வைத்திருக்கிறது. பில்லோடு வாங்குங்கள்.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினால்? ஆட்டம் கூடி, ஹப் சூடேறி, பிரேக் சரியாகப் பிடிக்காது. கடைசிக்கட்டத்தில் ஓடும்போதே சக்கரம் கழன்றுபோகும் ஆபத்தும் உண்டு.

சித்தப்பா காரிலிருந்து கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிவந்தோம். சுற்றிப் பார்த்தால் உள்ளே மணல் நறநறவென்கிறது. டயர் மாற்றச் சொன்ன கடைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.