கடல் கடந்த வாத்தியார்கள்

1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிதறியது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் மாண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அநாதைகளானார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர், முந்தைய ஆண்டுதான் திருச்சிக்கு வந்திருந்த சுவார்ட்ஸ் பாதிரியார். பிரஷ்ய நாட்டுக்காரர். ஹாலே நகரில் இருந்தபோதே தமிழ் படிக்கத் தொடங்கி, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். 1798-ல் தஞ்சாவூரில் கண்ணை மூடும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

மதம் பரப்பத்தான் வந்தார். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர் பள்ளிக்கு ஒரு பலம் இருந்தது. கம்பெனி அவரைப் படைக் குருவாக அமர்த்திச் சம்பளம் கொடுத்தது. மைசூர் ஹைதர் அலியிடம் தூது போகவும், தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாடம் சொல்லவும் முடிந்த மனிதர் அவர். வாத்தியார் தட்டினால் கதவுகள் திறந்தன.

தெப்பக்குளத்தருகே 1766-ல் அவர் கட்டிய கிறிஸ்து ஆலயத்திலிருந்து விமான நிலையத்துப் பக்கம் போனால் கோட்டப்பட்டு. இலங்கைத் தமிழர் முகாம் அங்கே இருக்கிறது. 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. இங்கே கடல் கடந்து வந்தவர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள். வாத்தியாரும் அதே முகாமைச் சேர்ந்தவர். 1984-ல் இலங்கைத் தமிழரான சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்திவந்திருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் முகாமிலேயே வளர்ந்து படித்த அண்ணன்களும் அக்காமார்களும்தான்.

பிள்ளை நேற்று ஏன் வரவில்லை என்று அப்படி ஓர் அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் அடிக்கும் வேலைக்கு அப்பா வெளியூர் போனதும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததும் அவருக்குத் தெரியும். சில வாரம் தங்கி ஆங்கிலம் சொல்லித்தந்துவிட்டு விமானம் ஏறும் இன்றைய வெளிநாட்டுத் தன்னார்வலருக்கு இது வாய்க்காது. சுவார்ட்ஸுக்கும் இது பல ஆண்டுகள் இருந்த பிறகே வாய்த்திருக்கும்.

ஆனால் இந்த அக்கா தட்டினால் கதவு திறக்காது. குடியுரிமை இல்லாதவருக்குப் பட்டம் இருந்தாலும் அரசு வேலை இல்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அந்த விதியால் இந்த முகாமிலிருந்து ஒருவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதற்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

உள்ளூர்க்காரரே பாடம் சொல்லும் இந்த முறையின் சாயல் முகாமுக்கு வெளியிலும் உண்டு. 2021-ல் வந்த தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலும், படித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்களை ஆசிரியைகளாக்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

அன்று வசதியுள்ள அந்நியர் தந்ததை இன்று வழியடைக்கப்பட்ட சொந்தக்காரர் தருகிறார். பிள்ளைகளுக்கு இது லாபம். அந்த லாபத்துக்கான செலவை வாத்தியாரே ஏற்கிறார். அவர்களைச் சேவையாளர் என்று புகழ்ந்தது போதும். ஆசிரியர் என்று நியமிக்க அரசு வழி செய்யட்டும்.